எல்லா நாடும் சுட்டுத்தான் வளர்ந்துச்சு, நாமளும் சுட்டா இன்னா?

கொருக்குப்பேட்டை பாபு | பிப்ரவரி 7, இரவு 9.40

சைனாக்காரன் டெக்னாலஜிய சுடறான்னு அமெரிக்கா கத்திக்கினே இருக்கான். அவனே ஒரு காலத்துல இங்கிலாந்து மில்லு மெஷின சுட்டவன் தான. ரஷ்யா முழு ப்ளேனயே பார்த்து காப்பி அடிச்சான். எல்லாரும் மேல ஏறிட்டு இப்ப காப்புரிமைன்னு பேசறான். நம்ம கவர்மெண்ட் மட்டும் ஏன் லைசன்ஸ் ஃபீஸ் கட்டிக்கினு இருக்கணும்? ஆள் வெச்சு ட்ராயிங்க எடுத்துட்டு வந்து சின்ன சின்ன ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் ஃப்ரீயா குடுத்தா இன்னா தப்பு? சேகர் அண்ணே, நீங்க அச்சு, டை எல்லாம் பண்ற டூல்ரூம் வெச்சிருக்கீங்க, சொல்லுங்க.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 7, இரவு 11.15

பாபு, நீ சொன்ன வரலாறு உண்மை தான். சாமுவேல் ஸ்லேட்டர்னு ஒருத்தர், இங்கிலாந்துல பெல்பர் ஊர்ல நூல் மில்லு அப்ரண்டிஸ். 1789ல விவசாயின்னு சொல்லிக்கினு கப்பல் ஏறிட்டாரு, ஏன்னா அப்ப மெஷின் மட்டுமில்ல, மெஷின் வேல தெரிஞ்ச ஆளே நாட்ட விட்டு போகக்கூடாதுன்னு சட்டம். மறு வருஷமே அமெரிக்காவுல பாடக்கெட்ல மில்லு ஓடுது. அவர் கைல ஒரு பேப்பர் கிடையாது. அப்ரண்டிஸா நின்னு பழகுனது அத்தனையும் மண்டைக்குள்ள இருந்துச்சு. இத மனசுல வெச்சுக்க, அப்பால வரேன்.

ஆனா எடுத்துட்டு வந்து எங்களுக்கு குடுத்தா இன்னான்னு கேட்ட பாரு, எனக்கு வேணாம். நெஜமாவே சொல்றேன். காலைல எழுதறேன், இப்ப கண்ண கட்டுது.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 8, காலை 6.50

முதல்ல தொழில்காரனா பேசறேன், நியாயம் அநியாயமெல்லாம் அப்பறம்.

ஒருத்தன் ஒரு ஷாஃப்ட்ட கொண்டாந்து மேஜ மேல வெச்சு இதே மாதிரி பண்ணுன்றான். மைக்ரோமீட்டர் வெச்சா 24.98 எம்.எம். காட்டுது. சரி, ஒரிஜினல் ட்ராயிங்ல 25ல இருந்து 0.02 வரைக்கும் கொறையலாம்னு விட்டிருந்தானா, 0.05 வரைக்கும் விட்டிருந்தானா? பீஸ் வாய தொறந்து சொல்லாது. ஹார்ட்னஸ் டெஸ்ட் பண்ணா 58 வருது, ஆனா எத்தன டிகிரில டெம்பரிங் பண்ணான், அதாவது மறுபடி சூடு காட்டி பதம் பண்ணான், எண்ணெயில விட்டானா காத்துல ஆற விட்டானா, ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கு முன்னாடி கடைசில தேய்க்கறதுக்கு விடற க்ரைண்டிங் அலவன்ஸ் எவ்ளோ வெச்சான், எதுவும் தெரியாது. நாலு பீஸ் வீணா போன அப்பறம் தான் நமக்கே புரியும். ட்ராயிங்கே கைல கெடைச்சாலும் பாதி விஷயம் அதுல இருக்காது, அந்த ஷாப்போட ஃபோர்மேன் கிட்ட இருக்கும்.

நீ சொன்ன ரஷ்ய ப்ளேன் கதையும் இதே தான். 1944ல ஜப்பான் பக்கம் குண்டு போட போன மூணு அமெரிக்க பி-29 பாம்பர் சேதமாகி விளாடிவோஸ்டாக் பக்கம் எறங்குச்சு. ஸ்டாலின் அத திருப்பி குடுக்கல, அப்படியே காப்பி எடுன்னு துபோலெவ்ன்ற ப்ளேன் டிசைனர் கிட்ட சொல்லிட்டாரு. இப்ப பிரச்சன இன்னான்னா அமெரிக்காக்காரன் அலுமினிய ஷீட் போட்டது இன்ச் கணக்குல, பதினாறுல ஒரு பங்கு இன்ச்சு, மில்லிமீட்டர்ல 1.5875. ரஷ்யால அந்த அளவுல ஷீட்டே உருட்டறது இல்ல. கொஞ்சம் தடிப்பா போட்டா வெயிட் ஏறும், மெல்லிசா போட்டா தாங்காது. ஒவ்வொரு எடத்துக்கும் உக்காந்து மறுபடியும் ஸ்ட்ரெங்த் கணக்கு போட்டாங்க. ரேடியோ, ஒயரு, டயரு, மீட்டருன்னு ஒவ்வொண்ணுக்கும் எங்கெங்கயோ இருந்த ஃபேக்டரிங்கள எல்லாம் புதுசா தயார் பண்ண வேண்டியதா போச்சு. துபோலெவ் கிட்டயும் அந்த ஃபேக்டரிங்க கிட்டயும் ஏற்கனவே தொழில் இருந்துச்சு, அதனால தான் 1947ல டியூ-4ன்ற அந்த காப்பி ப்ளேன் பறந்துச்சு. அதே 1947 டிசம்பர்ல அமெரிக்கா பி-47ன்னு ஜெட் பாம்பரயே பறக்க விட்டுட்டான்.

தொழில் தெரியாதவன் சுட்டா அது குப்பைக்கு தான் போவும். தொழில் தெரிஞ்சவன் சுட்டாலும் நேத்து வந்தது தான் கெடைக்கும்.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 8, மதியம் 1.30

சாப்பாட்டு நேரம், ஒண்ணு விட்டுட்டேன்.

எங்கப்பா ரயில் பெட்டி பண்ற ஐ.சி.எஃப்.ல ஷெல் டிவிஷன் வெல்டர், ஷெல்லுன்னா பெட்டியோட வெளிக்கூடு. பெரம்பூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, 1955 அக்டோபர் 2 நேரு வந்து தொறந்து வெச்ச ஃபேக்டரி. அதோட டிசைன் ஸ்விட்சர்லாந்துல ஷ்லீரன்ன்ற ஊர்ல இருந்த ஸ்விஸ் கார் அண்ட் எலிவேட்டர் கம்பெனியோடது. அக்ரிமெண்ட் போட்டு வாங்குனது. முழுசும் வெல்டிங்ல கோர்த்த ஷெல், அப்ப நம்ம ஊர்ல அந்த மாதிரி பெட்டி பண்ணி பழக்கமே இல்ல. ஸ்விஸ்காரங்க வந்து நின்னு சொல்லிக் குடுத்தாங்க, இவங்க கத்துக்கிட்டாங்க, அவங்க அடுத்த செட்டுக்கு சொல்லிக் குடுத்தாங்க. எங்கப்பா சேர்ந்தப்ப ஸ்விஸ்காரன் யாரும் இல்ல. ஆனா ஷீட்டு வளையாம இருக்க வெல்டிங்க எந்த வரிசைல போடணும், எங்க விட்டுட்டு எங்க போகணும்னு அவரோட சீனியர் மணிக்கட்ட புடிச்சி சொல்லிக் குடுத்தத பத்தி சாவற வரைக்கும் பேசுவாரு. அந்த டிசைன் பெட்டி 2018 ஜனவரில தான் கடைசியா வெளிய வந்துச்சு. அறுபது வருஷத்துக்கு மேல ஓடிருக்கு பாபு. அந்த பேப்பர யாரோ திருடிக்கினு வந்து டெல்லில ஒரு பீரோல வெச்சிருந்தா பெரம்பூர்ல இந்த தொழில் வேர் புடிச்சிருக்குமா?

திருவொற்றியூர்ல என்ஃபீல்டு பைக்கும் அதே மாதிரி தான். இங்கிலாந்துல ரெட்டிச்சுல இருந்து முறையா டூலிங்கோட வந்தது. சொல்லிக் குடுத்த ரெட்டிச் ஃபேக்டரி மூடிட்டான், கத்துக்கிட்டவங்க இன்னும் ஓட்டறாங்க.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 9, இரவு 10.05

"அண்ணே ப்ராக்டிகலா பேசறீங்க, ஆனா இன்னிக்கி எல்லாமே சாஃப்ட்வேர், காப்பி பண்ணா அப்படியே ஓடும்"னு தண்டையார்பேட்டை தம்பி கேட்டிருக்காரு. நல்ல பாயிண்ட். அங்க தான் எனக்கு கோவமே வருது.

ஏ.எம்.எஸ்.சி.ன்னு ஒரு அமெரிக்க கம்பெனி, காத்துல கரண்ட் எடுக்கற காத்தாடிக்கு கண்ட்ரோல் சாஃப்ட்வேர் பண்றவங்க. அவங்களோட பெரிய கஸ்டமர் சைனாவுல சினோவெல். 2011 மார்ச்ல திடீர்னு வந்த சரக்க வாங்க மாட்டேன்ட்டான். இன்னா நடந்துச்சுன்னா ஏ.எம்.எஸ்.சி.யோட ஆஸ்திரியா ஆஃபீஸ்ல க்ளாகன்ஃபர்ட்ல வேல பார்த்த ஒரு இன்ஜினியருக்கு காசும் வேலையும் தரேன்னு சொல்லி சோர்ஸ் கோட அப்படியே எறக்கிட்டாங்க. எப்படி மாட்டுச்சு தெரியுமா, சைனாவுல ஏ.எம்.எஸ்.சி. ஆளுங்க ஒரு காத்தாடிய டெஸ்ட் பண்ணப்ப அது நிக்க வேண்டிய எடத்துல நிக்காம சுத்திக்கினே இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல இருந்த லாக்க யாரோ ஒடச்சிருக்கான்னு அப்ப தான் தெரிஞ்சுது. 2018 ஜனவரில அமெரிக்க ஜூரி சினோவெல் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லுச்சு. வணிக ரகசிய திருட்டுன்னு தான் வழக்கு, அரசாங்க உளவுன்னு இல்ல, அத தெளிவா சொல்லிடறேன். ஆனா சினோவெல்ல அரசாங்க கம்பெனி பங்கு இருந்துச்சு.

எல்லாரும் ஷேர் வெல நூறு கோடி டாலருக்கு மேல விழுந்துச்சுன்னு எழுதுவாங்க. எனக்கு மண்டைல நிக்கறது வேற. கிட்டத்தட்ட 700 பேருக்கு வேல போச்சு, அந்த கம்பெனில பாதிக்கு மேல. அதுல எத்தன பேர் நம்மள மாதிரி ஷிஃப்ட் முடிச்சிட்டு பையன் ஸ்கூல் ஃபீஸ் கணக்கு போட்டுக்கினு போனவன்னு யோசி.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 9, இரவு 11.50

தூக்கம் வரல, எழுதிடறேன். இது எனக்கே நடந்தது, சின்ன அளவுல.

ஒரு பெரிய கம்பெனி, பேர் வேணாம். ஒரு ப்ராக்கெட்டுக்கு ப்ரோக்ரெசிவ் டை, அதாவது ஷீட்ட படிப்படியா வெட்டி வளைக்கற டை கேட்டாங்க. நானும் என்கிட்ட டிசைன் பண்ண பையனும் ராத்திரி பகலா உக்காந்தோம், ஷீட்டுல எத எங்க வெட்டறதுன்ற ஸ்ட்ரிப் லேஅவுட்டே பல தடவ மாத்துனோம், ஸ்க்ராப் கம்மி பண்ணணும்னு. அப்ரூவலுக்கு த்ரீடி ஃபைல் அனுப்புங்கன்னாங்க, அனுப்பிட்டோம். அப்பறம் ப்ராஜக்ட் ஹோல்டுன்னாங்க. போன் எடுக்கல.

கொஞ்ச மாசம் கழிச்சு வியாசர்பாடி எஸ்டேட்ல இருந்து ஒரு ஷாப்காரர் ஒரு டைய ஆட்டோல போட்டு எடுத்துட்டு வந்தாரு, பஞ்ச் முனை மழுங்கிடுச்சு, க்ரைண்ட் பண்ணி குடுங்கன்னு. தொறந்து மேல் ப்ளேட்ட கழட்டுனேன். நான் எப்பவும் ப்ளேட்டு எடம் மாறாம புடிக்கற நாலு டவல் பின்ல ஒண்ண மட்டும் ரெண்டு எம்.எம். தள்ளி போடுவேன், ப்ளேட்ட யாரும் திருப்பி மாட்டிடக்கூடாதுன்னு. அந்த பின்னு அதே மூலைல அதே ரெண்டு எம்.எம். தள்ளி இருந்துச்சு. கை வேர்த்துடுச்சு எனக்கு. அவர் மேல தப்பே இல்ல, கம்பெனிக்காரன் ஃபைல குடுத்து ரேட்டு கேட்டிருக்கான், அவரும் பொழப்புக்கு செஞ்சிருக்காரு. அவருக்கு அந்த ஃபைல் யார் வீட்டுதுன்னே தெரியாது. க்ரைண்ட் பண்ணி குடுத்தேன், டீ வாங்கி குடுத்தேன், அனுப்பிட்டேன்.

டிசைன் பண்ண பையன அந்த வருஷம் என்னால வெச்சுக்க முடியல. அவன் மொகம் தான் எனக்கு இந்த பேச்சு வந்தாலே ஞாபகம் வருது.

இப்ப பாபு கேட்டத யோசி. கவர்மெண்ட் எடுத்துட்டு வந்து எனக்கு ஃப்ரீயா ஒரு ட்ராயிங் குடுக்குதுன்னா, அதுக்குள்ள எவனோ ஒருத்தன் தள்ளி வெச்ச பின் இருக்கும்.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 11, காலை 7.20

"வெள்ளைக்காரன் நம்மகிட்ட எடுத்தத விடவா"ன்னு ராயபுரத்துல இருந்து ஒரு அக்கா எழுதிருக்காங்க. அக்கா, சரியான எடத்துல கை வெச்சீங்க. இத பத்தி எனக்கு ரொம்ப நாளா எழுதணும்னு இருந்துச்சு.

நம்ம வண்ணாரப்பேட்டை ஏன் வண்ணாரப்பேட்டை? கிழக்கிந்திய கம்பெனி ஏற்றுமதி பண்ண துணிய வெளுக்கறவங்க குடியிருந்த எடம். காலடிப்பேட்டை கோலட்ன்ற கவர்னர் நெசவாளிங்கள குடி வெச்ச ஊரு, 1717ல இருந்து 1720 வரைக்கும் இருந்தவரு. இந்த கடற்கரை முழுக்க சாயத்துணிக்கு தான் உலகமே வந்து நின்னுச்சு. தொவைக்க தொவைக்க நெறம் ஏறுற துணி ஐரோப்பால எவனுக்கும் பண்ண தெரியாது.

எப்படி பண்ணாங்கன்னு பாருங்க. துணிய வெளுத்து, கடுக்காய அரைச்சு எரும பால்ல கலந்து ஊற வெச்சு காய வைப்பாங்க. பால் கொழுப்பு இருந்தா தான் மை பரவாது. கறுப்புக்கு இரும்பு ஊற வெச்ச புளிச்ச தண்ணி. செவப்பு வர வேண்டிய எடத்துல படிகாரத்தண்ணில எழுதணும், சாயம் அதுல தான் புடிக்கும். அப்பறம் சாயவேர் போட்டு கொதிக்க விட்டா படிகாரம் பட்ட எடம் மட்டும் செவப்பா நிக்கும். மத்த எடத்துல ஒட்டுன அழுக்கு நெறம் போக ஆட்டுப்புழுக்க கரைச்ச தண்ணில போட்டு, வெயில்ல விரிச்சு, தண்ணி தெளிச்சு தெளிச்சு வெளுக்கணும். நீலத்துக்கு மெழுகு பூசி அவுரில முக்கணும். எந்த ஊர் தண்ணின்றது கூட முக்கியம். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஆளு, கடைசில வெளுக்கறவங்க கை பட்டா தான் துணி துணியா ஆவும்.

பிரெஞ்சு நாட்டுல 1686ல இருந்து 1759 வரைக்கும் இந்த துணிக்கே தடை, அவங்க பட்டு கம்பளி ஆளுங்க கத்துனதால. தடை இருக்கும்போதே, சுமார் 1734ல, பொலியூன்னு ஒரு கடற்படை அதிகாரி பாண்டிச்சேரில ஒரு சாயக்காரர் பக்கத்துல நின்னு ஒவ்வொரு படி முடிஞ்சதும் துணில ஒரு துண்டு வெட்டி எடுத்து, என்ன பண்ணாங்கன்னு எழுதி ஒட்டிக்கினே வந்தாரு. கேட்டது து ஃபேன்ற விஞ்ஞானி, பிரெஞ்சு அரசுக்கு சாயத்தொழில் மேற்பார்வை பார்த்தவரு. அந்த நோட்டு துணித்துண்டோட இன்னும் பாரிஸ்ல மியூசியத்துல இருக்கு. 1742ல கேர்தூன்னு பாதிரியார் புதுசா மதம் மாறுன சாயக்காரங்க கிட்ட கேட்டு படிப்படியா கடிதமா எழுதி அனுப்ப, அது அச்சுலயே வந்துடுச்சு.

அந்த சாயக்காரர் பேரு யாருக்கும் தெரியாது. எழுதுனவர் பேரு இருக்கு, கேட்டவர் பேரு இருக்கு.

நம்ம துணித்தொழில் விழுந்ததுக்கு இது ஒண்ணே காரணம்னு நான் சொல்லல. மெஷினு, அவங்க போட்ட வரி, தடை சட்டம் எல்லாம் சேர்ந்து தான். ஆனா அந்த நோட்டு பத்தி படிச்சப்ப எனக்கு என் டவல் பின் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 11, மாலை 6.00

மேல உள்ளதுக்கு பாபு பதில்: "அப்ப நாம திருப்பி எடுக்கறது நியாயம் தானண்ணே, பழைய கடன்."

யார்கிட்ட இருந்து எடுப்ப? து ஃபே செத்து கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் ஆவுது. இன்னிக்கி எடுத்தா இன்னிக்கி மெஷின் முன்னாடி நிக்கறவன் வயித்துல தான் அடி விழும். திருப்பி வாங்கணும்னா வேற வழி இருக்கு. வேப்பெண்ணெய பூஞ்சைக் கொல்லியா பயன்படுத்தறதுக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து ஐரோப்பால 1994ல காப்புரிமை வாங்குனாங்க. நம்ம ஆளுங்க இது எங்க விவசாயி காலம்காலமா செய்யறதுன்னு போய் நின்னு 2000ல அத ரத்து பண்ண வெச்சாங்க, 2005ல அப்பீலும் தள்ளுபடி. அப்படி சண்ட போடு, நான் கூட வரேன்.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 12, காலை 8.10

சின்னதா. நமக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நெனைக்கறவங்களுக்கு: கூடங்குளம். 2019 அக்டோபர் 30 அணுமின் கழகமே ஒத்துக்கிச்சு, அட்மின் நெட்வொர்க்ல இன்டர்நெட்டோட இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்துச்சுன்னு. உலைய ஓட்டற சிஸ்டம் தனி, அதுக்கு ஒண்ணும் ஆகலன்னாங்க. அந்த மால்வேர் பேரு டிட்ராக், வட கொரியாவோட லாசரஸ் கும்பல் வேலைன்னு ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க. ஒத்துக்கிட்டதுக்கு முதல் நாள் தான் அப்படி எதுவும் நடக்க வாய்ப்பே இல்லன்னு அறிக்கை குடுத்திருந்தாங்க.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 13, இரவு 9.30

இன்னொரு பக்கமும் இருக்கு, அத சொல்லாம விட்டா நான் எழுதுன எல்லாம் ஒருபக்கமா சாஞ்சிடும். திருட்டு நெஜம். ஜெட் இன்ஜின் ஃபேன் ப்ளேடுக்காக அமெரிக்க கம்பெனி ஜி.இ.யோட இன்ஜினியர வலைல போட பார்த்த சைனா உளவு அதிகாரி ஷு யான்ஜுன் 2018ல பெல்ஜியத்துல மாட்டி, 2022ல 20 வருஷம் தண்டனை வாங்குனாரு. ஆனா திருட்ட புடிக்கறேன்னு எறங்குன அரசாங்கம் யார் யார மெதிச்சுதுன்னும் பார்க்கணும். சைனாவுக்காக திருடறவங்கள புடிக்க அமெரிக்கா 2018ல சைனா இனிஷியேட்டிவ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சான். எம்.ஐ.டி. ப்ரொஃபசர் கேங் சென்ன 2021 ஜனவரில அரெஸ்ட் பண்ணி, ஒரு வருஷம் அலைய விட்டு, 2022 ஜனவரில கேஸே வேணாம்னு வாபஸ். மறு மாசம் அந்த திட்டத்தயே மூடிட்டாங்க. சைனாக்கார பேரு இருந்தாலே சந்தேகம்னு ஆயிடுச்சுன்னு அவங்க ஊர்லயே எதிர்ப்பு.

நமக்கு அவ்ளோ தூரம் போக வேணாம். நம்பி நாராயணன். இஸ்ரோ விஞ்ஞானி, நாகர்கோவில்காரர். 1974ல இஸ்ரோ பிரெஞ்சு கம்பெனி எஸ்.இ.பி. கூட அக்ரிமெண்ட் போட்டுச்சு, வைகிங்ன்ற ராக்கெட் இன்ஜின் டெக்னாலஜிக்கு. பணத்துக்கு பதிலா நம்ம இன்ஜினியர்ங்க அங்க போய் அவங்களுக்கு வேல செஞ்சு குடுத்தாங்க. வேல செய்யும்போதே கத்துக்கிட்டு வந்தாங்க. அதுல வந்தது தான் விகாஸ் இன்ஜின், பி.எஸ்.எல்.வி.ல இன்னிக்கும் ஓடுது. அந்த டீம்ல முன்னால நின்னவர 1994 நவம்பர்ல டெக்னாலஜிய வெளிநாட்டுக்கு வித்துட்டாருன்னு அரெஸ்ட் பண்ணாங்க. சி.பி.ஐ. 1996ல கேஸ் பொய்யின்னுச்சு, சுப்ரீம் கோர்ட் 1998லயும் அதயே சொல்லுச்சு. 2018ல தான் 50 லட்சம் இழப்பீடு. முறையா கத்துக்கிட்டு வந்து நாட்டுக்கு இன்ஜின் குடுத்த மனுசன் அவரு. எனக்கு எத்தன தடவ படிச்சாலும் தொண்ட அடைக்குது.

சுடறதா இருந்தாலும் சுட்டவன தேடறதா இருந்தாலும், அரசாங்கம் எறங்குனா நசுங்கறது கைல தொழில் வெச்சிருக்கறவன் தான்றத நான் இதுல பார்க்கறேன்.

டூல்ரூம் சேகர் | பிப்ரவரி 15, மதியம் 2.40

தண்டையார்பேட்டை தம்பி திரும்ப கேட்டது: "அண்ணே, உங்க கேஸ்ல நீங்க சட்டப்படி ஏன் போகல, இங்க என்ன சட்டம் இருக்கு?"

தம்பி, வக்கீல் கிட்ட போனேன். அமெரிக்கால பொருளாதார உளவுக்குன்னே 1996ல சட்டம் போட்டான். இங்க வணிக ரகசியத்துக்குன்னு தனி சட்டம் கெடையாது. ஒப்பந்தத்துல எழுதிருந்தா ஒப்பந்த மீறல், இல்லன்னா நம்பிக்கை மோசடின்னு சுத்தி வளைச்சு போகணும். நான் என்.டி.ஏ.ன்ற ரகசியம் காக்கற ஒப்பந்தம் போடாம ஃபைல அனுப்பிருந்தேன். பெரிய கஸ்டமர் கிட்ட போய் முதல்ல கையெழுத்து போடுங்கன்னு கேட்டா அடுத்த ஆர்டர் வராது, இது இந்த தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். 2024 மார்ச்ல சட்ட ஆணையம் 289வது அறிக்கைல வணிக ரகசியத்துக்கும் பொருளாதார உளவுக்கும் தனி சட்டம் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கு, மாதிரி மசோதாவும் வெச்சிருக்காங்க.

வரணும். ஆனா ஒரு விஷயத்துல கவனமா எழுதணும். என்கிட்ட இருந்து போன பையன் இப்ப அம்பத்தூர்ல நல்ல வேலைல இருக்கான். என்கிட்ட கத்துக்கிட்ட ஸ்ட்ரிப் லேஅவுட் போடற வித்தைய அங்க தான் காட்டறான், காட்டட்டும். அது அவன் கை, அவன் மூள, அவன் சோறு. 1872 ஒப்பந்த சட்டம் 27வது பிரிவு வேற எடத்துல தொழில் பண்ண விடாம ஆள கட்டிப்போட கூடாதுன்னு தான சொல்லுது, அத புது சட்டம் வந்து மாத்திட கூடாது. ஸ்லேட்டர் காலத்து பிரிட்டிஷ் சட்டம் ஆளயே பூட்டி வெக்க பார்த்துச்சு, அது தப்பு. பென் டிரைவ்ல என் ஃபைல அள்ளிக்கினு போறதும் அவன் கத்துக்கிட்ட தொழிலோட போறதும் ஒண்ணு இல்ல. அந்த கோடு எங்கன்னு சட்டத்துல வெவரமா எழுதி, சின்ன ஷாப்காரன் பெரிய கம்பெனி மேல கேஸ் போட்டா நிரூபிக்கற பொறுப்ப அவன் தலைல மட்டும் கட்டாம பார்த்துக்கிட்டா போதும்.

வியாசர்பாடி, அம்பத்தூர், திருவொற்றியூர் எஸ்டேட்ல ஷாப் வெச்சிருக்கறவங்க சங்கத்துல இத பேசி அரசாங்கத்துக்கு மனு குடுக்கறதா இருக்கோம். யாருக்காவது இதே மாதிரி ஃபைல் போன அனுபவம் இருந்தா கம்பெனி பேர் இல்லாம எழுதுங்க, மனுல சேர்க்கறோம். பாபு, நீயும் வா. ட்ராயிங் ஃப்ரீயா வேணும்னு கேட்டல்ல, கிண்டில அரசாங்க தொழில் ட்ரெயினிங் சென்டர் இருக்கு, அங்க இன்னும் நெறைய சீட்டு, நல்ல மெஷினு, தொழில் தெரிஞ்ச மாஸ்டருங்க வேணும்னு அதயும் மனுல சேர்த்துடலாம்.